எண்ணும்மையும் எச்சவும்மையும்: வாவிக்கரையில் மொழியும் அதிகாரமும்

எமது பழைய மாணவியர் சங்கம் நூறு ஆண்டுகளைப் பூர்த்தி செய்யும் இவ்வேளையில், இந்த நூறு ஆண்டுகளில் எமது பிரதேசத்தில் மொழி எவ்வாறு வாழ்ந்தது என்று திரும்பிப் பார்ப்பது பொருத்தமாகும். எமது பாடசாலை எமக்கு எத்தனையோ பாடங்களைக் கற்பித்தது. அவையெல்லாம் ஏதோ ஒரு மொழியின் வழியாகவே எம்மை வந்தடைந்தன. அது எந்த மொழி என்பதை நாமும் தீர்மானிக்கவில்லை, எமது ஆசிரியைகளும் தீர்மானிக்கவில்லை. சங்கத்தின் முதற் தலைமுறைக்கு அது ஆங்கிலமாக இருந்தது. பின்வந்தோருக்குத் தமிழாகியது. எமக்குப் பின் வந்த சிலருக்கு மீண்டும் ஆங்கிலமாகியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் தீர்மானம் வேறெங்கோ எடுக்கப்பட்டது.

தமிழ்ப் பாடத்தில் நாம் யாவரும் கற்ற ஒரு சிறிய இலக்கணத்தை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். 'உம்' என்னும் இடைச்சொல்லுக்கு நன்னூலார் எட்டுப் பொருள் கூறுவார். அவற்றுள் இரண்டு இக்கட்டுரைக்குப் போதும். "அக்காவும் தங்கையும் வந்தனர்" என்றால் அது எண்ணும்மை. இருவரும் சமமாக நிற்கின்றனர். "தங்கையும் வந்தாள்" என்றால் அது எச்சவும்மை. வேறு யாரோ ஏற்கனவே வந்துவிட்டார், இவள் பின்னர் சேர்ந்தவள். பரீட்சைக்காக மனனம் செய்து பின் மறந்துவிட்ட இவ்வேறுபாட்டுக்குள் இலங்கையின் மொழி வரலாற்றில் பெரும்பகுதி அடங்கிக் கிடக்கிறது. வாவிக்கரையின் வரலாறும் அதற்குள் அடங்கும்.

வாவியின் பெயர்

மட்டக்களப்பு என்ற பெயரிலிருந்தே தொடங்கலாம். 'களப்பு' என்பது கடலோடு கலந்து கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு. சிங்களத்திலும் அது 'களப்புவ' என்றே வழங்கும். முன்னே நிற்கும் 'மட்ட' என்பதற்கு எம்மவர் 'மட்டம்' என்ற சொல்லைக் காட்டுவர். சிங்களவர் சேற்றைக் குறிக்கும் 'மட' என்ற தமது சொல்லைக் காட்டுவர். எது சரி என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வாதிடுவோரில் பலருக்குச் சொல்லைவிட நிலத்தின் மீதே கண். பெயரின் பின்பாதி இரு மொழிக்கும் பொதுவானது என்பதை எடுத்துச் சொல்வோர் குறைவு.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் இரு கரைகளுக்கும் எமது முன்னோர் வைத்த பெயர்கள் அழகானவை. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. காலப்போக்கில் கோட்டையும் கச்சேரியும் ஆஸ்பத்திரியும் பெரிய பாடசாலைகளும் எழுவான்கரையில் அமைந்தன. வயலும் மாடும் படுவான்கரையில் இருந்தன. பள்ளிக்கூடமும் பாதையும் அங்கே பிந்தியே போய்ச் சேர்ந்தன. திசையைச் சொன்ன பெயர் மெல்ல மெல்லத் தரத்தைச் சொல்லும் பெயராகியது. யுத்த காலத்தில் அதே படுவான்கரை 'கட்டுப்பாடற்ற பகுதி' என்று அரச அறிக்கைகளில் எழுதப்பட்டது. அங்கிருந்த மக்கள் அதற்கு முன்னரும் பின்னரும் தம் ஊரைப் படுவான்கரை என்றே அழைத்து வந்தனர்.

புளியந்தீவிலுள்ள கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர். ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினர். பின்னர் பிரித்தானியர் வந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற சொற்களை நாம் அன்றாடம் பேசுகிறோம். அலுமாரி, கதிரை, மேசை, சாவி, யன்னல், சப்பாத்து, துவாய் ஆகியவை போர்த்துக்கேயர் தந்தவை. கந்தோர், நொத்தாரிசு, கக்கூசு ஆகியவை ஒல்லாந்தர் தந்தவை. போர்த்துக்கேயச் சொற்களில் பல வீட்டுக்குள் புகுந்திருப்பதையும், ஒல்லாந்தர் சொற்கள் எழுத்து வேலைக்குள்ளும் சட்டத்துக்குள்ளும் புகுந்திருப்பதையும் கவனிக்கலாம். ஆட்சி எந்த வாசலால் நுழைந்தது என்பதைச் சொற்களே காட்டித் தருகின்றன.

அக்கோட்டையை இழந்து ஏறத்தாழ நானூறு ஆண்டுகளான பின்னரும், மட்டக்களப்பு நகரில் பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் போர்த்துக்கேய வழிவந்த ஒரு பேச்சுமொழி இன்றும் உயிருடன் இருக்கிறது. எந்த அரசும் அதைப் பேணவில்லை. பாடத்திட்டத்திலும் அதற்கு இடம் இருக்கவில்லை. அடுப்படியிலும் கலியாண வீட்டிலும் பாட்டிலுமே அது வாழ்ந்தது. இன்று இளையோர் தமிழுக்கு மாறிவிட, பேசுவோர் தொகை குறைந்து வருகிறது. வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் சமூகத்தினர் இன்று பேசுவது தமிழே. அவர்களின் முன்னோர் மொழி அங்கே இல்லை. எமது மொழி ஒடுக்கப்பட்டது என்று நாம் பேசும்போது, எமக்கு அருகிலேயே எமது மொழிக்கு இடம்விட்டு ஒதுங்கிய மொழிகளும் உண்டு என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஆங்கிலத்தின் காலம்

மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். அவர் தொடங்கிவைத்த கல்விப் பணியும், பின்னர் வந்த கத்தோலிக்க, மெதடிஸ்த சபைகளின் பணியுமே இப்பிரதேசத்துப் பெண்களுக்குப் பாடசாலைக் கதவைத் திறந்தன. அந்நன்றியை நாம் மறக்கலாகாது. அதே கதவின் மேல் ஆங்கிலம் என்று எழுதியிருந்ததையும் மறைக்கலாகாது. அக்காலத்தில் தமிழ் பேசினால் தண்டம் கட்ட வேண்டிய ஆங்கிலப் பாடசாலைகள் இலங்கையில் பல. ஆங்கிலம் கற்றவர் கந்தோருக்குப் போனார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் வயலுக்குத் திரும்பினார்.

இதன் விளைவு எமது வரலாற்று நூல்களிலும் தெரிகிறது. எஸ். ஓ. கனகரத்தினம் அவர்கள் மட்டக்களப்பு மாவட்டம் பற்றி விரிவாக எழுதிய நூல் 1921இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்களின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தது. எமது ஊரைப் பற்றிய விரிவான நூலொன்றைத் தமிழ் மட்டும் அறிந்த ஒரு தாய் தன் மொழியில் வாசிக்க, அந்த ஆங்கில நூலுக்குப் பின் 43 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடைவெளியில் நின்று பணி செய்தவர் சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்த அவர் மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்றார். லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். ஒன்றுக்காக மற்றதை அவர் கைவிடவில்லை. 1926இல் சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' எழுதினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இரசாயனத்தையும் உடற்றொழிலையும் தமிழில் சொல்ல முடியுமா என்பது அன்று பலருக்கும் ஐயமாக இருந்த காலம். முடியும் என்று அவர் மேடையில் முழங்கியதோடு நிற்கவில்லை. அறிஞரோடு அமர்ந்து சொல் சொல்லாகப் பார்த்தார். பிற்காலத்தில் விஞ்ஞானத்தைத் தமிழில் கற்ற எம்மைப் போன்ற மாணவியர் 'ஒளித்தொகுப்பு' என்றும் 'சதையி' என்றும் தயக்கமின்றி எழுதியதற்குப் பின்னால், அவரைப் போன்றோர் தொடக்கிவைத்த உழைப்பு இருக்கிறது.

'சிங்களமும் தமிழும்'

இனி இலக்கணத்துக்கு வருவோம். 1944 மே மாதத்தில் அரசாங்க சபையில் ஜே. ஆர். ஜயவர்த்தன ஒரு பிரேரணையைக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தின் இடத்தில் சிங்களத்தை அரச கரும மொழியாக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அதில் தமிழையும் சேர்க்க வேண்டும் என்ற திருத்தத்தை முன்வைத்தவர் திருகோணமலை – மட்டக்களப்புத் தொகுதி உறுப்பினர் வி. நல்லையா. திருத்தம் ஏற்கப்பட்டது. 'சிங்களமும் தமிழும்' என்று நிறைவேறிய அத்தீர்மானம் எண்ணும்மையால் அமைந்த தீர்மானம். அந்த உம்மையை அங்கே எழுப்பிய குரல் எமது வாவிக்கரையின் பிரதிநிதியுடையது என்பது எமது மாணவியர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

அடுத்த ஆண்டு, 1945இல், இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனா மொழியாகியது. படிப்படியாக மேல் வகுப்புகளுக்கும் அது பரவியது. எமது பாடசாலையின் வகுப்பறைகளில் வந்த மாற்றத்தை இதன்பின் சேர்ந்த மாணவியரின் குடும்பங்களே சொல்லும். கந்தோர்க்காரரின் பெண்பிள்ளைகளுக்கு அருகில் கமக்காரரின், மீன்பிடிப்போரின் பெண்பிள்ளைகளும் வந்து அமர்ந்தனர். ஆங்கிலம் தெரியாத தாய் ஒருத்தி தன் மகளின் கொப்பியை எடுத்து எழுத்துக் கூட்டி வாசிக்க முடிந்தது. மொழி மாறியதும் வகுப்பறைக்குள் வரும் ஆட்களும் மாறினர்.

ஆனால் 1956இல் எண்ணும்மை அகற்றப்பட்டது. அவ்வாண்டின் 33ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம் சிங்களத்தை ஒரேயொரு அரச கரும மொழியாக்கியது. மக்கள் வழக்கில் அது 'சிங்களம் மட்டும்' சட்டம். பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்து வெளியேறிய பிள்ளைக்கு, அரச கந்தோரின் கதவில் வேறொரு மொழி எழுதியிருந்தது. 1958இல் தமிழின் நியாயமான உபயோகத்துக்கு ஒரு சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகள் 1966 வரை வரவில்லை. இடையில் 1961இல் வடக்கு கிழக்கின் கச்சேரிகளுக்கு முன்னால் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. மட்டக்களப்புக் கச்சேரி அன்று பழைய கோட்டைக்குள்ளேயே இருந்தது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் வாழ்ந்து, பிரித்தானியர் ஆண்ட அதே மதிலின் வெளியே, தமது மொழியில் ஒரு கடிதத்துக்குப் பதில் கேட்டு மக்கள் அமர்ந்தனர். பெண்களும் அமர்ந்தனர். ஏப்பிரலில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் அது முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது.

இருபத்தாறு ஆண்டுகளும் எண்ணற்ற உயிர்களும் போன பின்னர், 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்தது. அதன் பின் 18ஆவது உறுப்புரை சிங்களம் அரச கரும மொழியென முதலில் கூறுகிறது. அடுத்து, தமிழும் ஓர் அரச கரும மொழியாகும் என்கிறது. ஆங்கிலம் இணைப்பு மொழி என்கிறது. இங்கே உம்மை திரும்பி வந்துவிட்டது. ஆனால் 1944இன் உம்மை அல்ல இது. அன்று 'சிங்களமும் தமிழும்' என்ற எண்ணும்மை. இன்று 'தமிழும்' என்ற எச்சவும்மை. தங்கையும் வந்தாள். வந்தவளுக்கு வீட்டில் இடம் உண்டு. ஆனால் அவள் பின்னால் வந்தவள் என்பதை வாக்கியமே சொல்லிவிடுகிறது. தமிழில் எழுதிய முறைப்பாட்டுக்குச் சிங்களத்தில் பதில் வருவதும், பெயர்ப்பலகைகளில் தமிழ் எழுத்துப் பிழைகளோடு நிற்பதும் அந்த வாக்கியத்தின் நடைமுறை உரைகள்.

எமக்குள் இருந்த 'மட்டும்'

மற்றவர் எம்மீது போட்ட 'மட்டும்' பற்றிப் பேசுவது எளிது. எமக்குள்ளே நாம் போட்டுக்கொண்ட 'மட்டும்' பற்றியும் பேச வேண்டும்.

வைகாசி மாதத்தில் எமது ஊர்களின் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை படித்து, திருக்குளிர்த்தி செய்து முடிப்பது எம் அனைவருக்கும் தெரிந்த வழக்கம். சிலப்பதிகாரத்தின் நாயகி இங்கே பாடநூற் பாத்திரம் அல்லள். மழை தருபவள், அம்மாள் நோயைத் தணிப்பவள். சிங்கள மக்கள் அவளைப் பத்தினி தெய்யோ என்று வழிபடுகின்றனர். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் முன்னின்று நடத்திய ஆகமச் சைவ எழுச்சிக்குக் கண்ணகி வழிபாடு உடன்பாடாக இருக்கவில்லை. அங்கே கண்ணகி கோயில்கள் பல வேறு அம்மன் பெயர்களைப் பெற்றன. எது நல்ல சமயம், எது நல்ல தமிழ் என்று தீர்மானிக்கும் அச்சகமும் பாடசாலையும் அங்கிருந்தன. கிழக்கில் ஏட்டுச்சுவடியும் கட்டாடியாரின் குரலுமே இருந்தன. ஆயினும் கிழக்கு கண்ணகியை விடவில்லை. கண்ணகி கோயில் உள்ள காரைதீவில் பிறந்த விபுலாநந்தரே சிலப்பதிகாரத்தின் இசைப் பகுதியைத் துருவி ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்தார் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. அந்நூலில் எமது வாவியின் இன்னிசைக்கும் அவர் இடம் கொடுத்தார்.

கூத்தும் அவ்வாறே. வடமோடியும் தென்மோடியும் விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட காலத்தில், நகரத்துப் படித்தவர்கள் அதை நாட்டுப்புறத்தார் பொழுதுபோக்கு என்று ஒதுக்கினர். 1956இல், சிங்களம் மட்டும் சட்டம் வந்த அதே ஆண்டில், பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியது. சிங்கள நாடகத்தின் புதிய யுகம் என்று போற்றப்பட்ட அந்நாடகம் 'நாடகம' என்ற சிங்களக் கூத்து வடிவத்தைக் கொண்டு அமைந்தது. அவ்வடிவமோ கரையோரத் தமிழ்க் கூத்திலிருந்து பிறந்தது. சட்டம் தமிழை வெளியே விட்ட ஆண்டில் தமிழ்க் கூத்தின் வழிவந்த வடிவம் சிங்கள மேடையில் கைதட்டல் பெற்றது. அதன்பின் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடு கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு சென்றார். 'கர்ணன் போர்' 1962இலும், 'இராவணேசன்' 1965இலும் மேடையேறின. இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பின் மைந்தர் சி. மௌனகுரு. எமது களரியின் மத்தளமும் சல்லரியும் கொழும்பிலும் கண்டியிலும் ஒலித்த பின்னரே எமது ஊரின் படித்தவர்கள் அதைக் கலை என்று சொல்லத் தொடங்கினர்.

எமது பேச்சுக்கும் இதே கதிதான். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில், தமிழின் பேச்சு வழக்குகளில் இலக்கிய வழக்குக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புத் தமிழே என்று எழுதினார். நாம் 'மறுகா' என்று சொல்வது 'மறுகால்' என்ற பழஞ்சொல்லின் வழி வந்தது. ஆனால் எமது பெண்கள் வேறு ஊர் விடுதிகளுக்கும் வேலைக்கும் போனதும் முதலில் விட்டது இந்த 'மறுகா'வையும், தோழியை 'என்னகா' என்று அழைக்கும் உரிமையையுமே. "மட்டக்களப்பார் பாயோடு ஒட்ட வைப்பார்கள்" என்ற பழமொழியைச் சிரித்துக்கொண்டே கேட்டுப் பழகினோம். ஒரு பிரதேசத்தாரை மந்திரக்காரராகக் காட்டும் அச்சொல்லை, விருந்தோம்பலின் சிறப்பு என்று நாமே விளக்கி ஆறுதலடைந்தோம்.

எல்லாவற்றிலும் கீழே நின்றது பெண்களின் சொல். எமது பிரதேசத்தில் குடி தாய்வழியே வரும். வீடு பெண்பிள்ளைக்கே போகும். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இவ்வழக்கம் உண்டு. வீடு பெண்ணுடையதாக இருந்தும், ஏடு அவளுடையதாக இருக்கவில்லை. களரியில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினர். பெண்ணுக்கு இருந்தவை தாலாட்டும் ஒப்பாரியும் ஊஞ்சற் பாட்டும் குரவையும் கவியும். வயல் வேலையிலும் வேலி ஓரத்திலும் நான்கு அடியில் கட்டிப் பாடப்பட்ட கவிகளில் காதலும் ஏக்கமும் கேலியும் கோபமும் எல்லாம் இருந்தன. அவற்றைப் பாடியோரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. பிற்காலத்தில் தொகுப்பாளர்கள் வந்து எழுதிக்கொண்டனர். எம் காலத்தில் சாய்ந்தமருதுக் கவிஞர் அனார், கிழக்கிலங்கை நாட்டார் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். 1986இல் பேராசிரியர் சித்திரலேகா மௌனகுரு வெளிக்கொணர்ந்த 'சொல்லாத சேதிகள்' ஈழத்துப் பெண் கவிஞர்களை ஒரே நூலில் கூட்டியது. பெயரில்லாமல் பாடிய பெண்ணுக்கும், பெயரோடு எழுதிய பெண்ணுக்கும் இடையில் இருந்தது பாடசாலை. எமது பாடசாலையின் பெறுமதியை நாம் அங்கேதான் காண்கிறோம்.

ஒரே மொழி, வேறு அடையாளம்

மேற்சொன்ன கவிகள் எந்தச் சமூகத்துக்கு உரியவை என்று பிரிக்க முனைவோர் தோற்றுப் போவர். 'உம்மா' என்று விளிப்பவரும் 'அம்மா' என்று விளிப்பவரும் அதே மெட்டில் பாடினர். முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் என்ற இலக்கியத்தையே வளர்த்தனர். 1949இல் உருவான தமிழரசுக் கட்சி 'தமிழ் பேசும் மக்கள்' என்ற தொடரை முன்வைத்தபோது, மொழியை ஒரு பெரிய வீடாகக் கருதி எல்லோரையும் அதற்குள் அழைத்தது. ஆனால் வீட்டுக்குப் பெயர் வைத்தவர் ஒருவராகவும், குடியிருக்க அழைக்கப்பட்டவர் இன்னொருவராகவும் இருந்ததால், முஸ்லிம்கள் பலருக்கு அதுவும் ஓர் எச்சவும்மையாகவே பட்டது. "நீங்களும் வாருங்கள்" என்ற அழைப்பில் அன்பு உண்டு. சமத்துவம் உண்டா என்பது அழைக்கப்பட்டவருக்கே தெரியும்.

1990 எமது பிரதேசத்தைப் பிளந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டனர். ஏறாவூரில் இரவில் குடும்பங்கள் கொல்லப்பட்டன. செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோரில் பலர் கொண்டு செல்லப்பட்டனர், திரும்பவில்லை. பள்ளிவாசல்களில் உயிர்போகும் வேளையில் கேட்ட மன்றாட்டம் தமிழ். அதைக் கேட்டும் சுட்டவர்களுக்கு அது விளங்காத மொழி அல்ல. ஒரே மொழி பேசுவதால் மாத்திரம் மக்கள் ஒன்றாகிவிடுவதில்லை என்ற பாடத்தை நாம் பாடநூலில் படிக்கவில்லை. அதன்பின் வளர்ந்த பிள்ளைகள் அடுத்த ஊரின் பாடசாலையை அறியாமலே வளர்ந்தனர். கவிகளின் மெட்டு மட்டும் இரு பக்கமும் அப்படியே இருந்தது.

நோயாளியின் மொழி

மருத்துவத் துறையில் பணிபுரியும் எம் போன்றோருக்கு மொழியும் அதிகாரமும் அன்றாடம் சந்திக்கும் இடம் வெளிநோயாளர் பிரிவு. உயர்தரம் வரை தமிழில் கற்று, மருத்துவ பீடத்தில் ஆங்கிலத்துக்கு மாறி, முதல் நியமனத்தில் தாதியரிடம் சிங்களம் கற்றுக்கொண்ட தலைமுறை நாம். மூன்று மொழியும் எமக்கு வந்து சேர்ந்தன. எதிரே அமர்ந்திருக்கும் அம்மாவிடம் இருப்பது ஒன்றே. அவருடைய கிளினிக் கொப்பியில் அவரைப் பற்றி எழுதப்பட்டிருப்பதை அவரால் வாசிக்க முடியாது. தன் உடலைப் பற்றிய புத்தகத்தை ஒருவர் கையில் ஏந்தித் திரிந்தும் அதன் பொருளை அறியாதிருப்பதைவிட அதிகாரத்துக்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

அவரிடம் சொற்கள் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. சின்னமுத்து, கொப்பளிப்பான், கூகைக்கட்டு, தொய்வு, சீனி வருத்தம் என்று நோய்க்கு நோய் பெயர் உண்டு. நோவு வேறு, உழைவு வேறு, குத்து வேறு, விறைப்பு வேறு. கேட்கத் தெரிந்த வைத்தியருக்கு இவ்வேறுபாடுகளே பாதிச் சோதனையாகும். யுத்தத்துக்கும் 2004 சுனாமிக்கும் பின்னர், "வயிறு பத்தி எரியுது" என்று வந்த தாய்மார் பலர். அதை இரைப்பை அழற்சி என்று ஆங்கிலத்தில் எழுதி மாத்திரை கொடுத்து அனுப்புவது எளிது. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் வயிறும் எமது மொழியில் அப்படித்தான் எரியும் என்பது ஒப்பாரி கேட்டு வளர்ந்தவருக்குத் தெரியும். மாத்திரைக்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "பிள்ளைகள் எத்தனை பேர், அம்மா?" இலக்கியம் எமக்கு ஏன் வேண்டும் என்று விஞ்ஞானப் பிரிவு மாணவியர் கேட்பதுண்டு. இதற்காகவும் வேண்டும்.

தமிழில் மருத்துவம் முடியாது என்ற எண்ணமும் வரலாறு அறியாத எண்ணமே. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். மருத்துவ பீடங்களின் மொழி நாளை மாறாது. நோயாளிக்குக் கொடுக்கும் துண்டில் அவருக்கு விளங்கும் மொழியில் இரண்டு வரி எழுதுவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

அடுத்த நூறு ஆண்டுகளுக்கு

எமது பழைய மாணவியர் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் மெல்பேர்ணிலும் கொழும்பிலும் இருக்கின்றனர். பலரின் பிள்ளைகள் தமிழைக் கேட்டால் விளங்கிக்கொள்வர், பேசத் தயங்குவர், வாசிக்க மாட்டார்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் அவர்கள் கற்கும் தமிழில் 'மறுகா' இல்லை. அம்மம்மாவுடன் தொலைபேசியில் பேசும்போது அவர் சொல்லும் சொல் பாடநூலில் இல்லையென்றால், அம்மம்மா பிழையாகப் பேசுகிறார் என்றே பிள்ளை நினைக்கும். இவ்வாறு ஒரு மொழி அதிகாரம் இழப்பதற்குச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

ஆகவே சங்கத்தின் இரண்டாவது நூற்றாண்டுக்கு ஒரு வேலையை முன்வைக்கிறோம். எமது தாய்மாரும் பாட்டிமாரும் அறிந்த தாலாட்டு, ஒப்பாரி, கவி, குளிர்த்திப் பாடல், நோயின் பெயர், சமையற் சொல், மீனின் பெயர் எதுவாயினும் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து பாடசாலை நூலகத்தில் சேர்க்க வேண்டும். பாடியவரின் பெயரையும் ஊரையும் தவறாமல் எழுத வேண்டும். பெயரில்லாமல் போனவர்கள் போதும். கல்லடியில் பதிந்ததும் காத்தான்குடியில் பதிந்ததும், கொக்கட்டிச்சோலையில் பதிந்ததும் பறங்கியர் வீட்டில் பதிந்ததும் ஒரே தட்டில் அருகருகே இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் எவரும் எச்சவும்மையாக நிற்கக் கூடாது.

இதைச் செய்வதற்குக் காலம் நீண்டு கிடக்கவில்லை. கவி அறிந்த பெண்களில் பலர் எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டனர். அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும் சகோதரியர், பயணப் பெட்டியில் பரிசுப் பொருட்களோடு ஒரு கொப்பியையும் எடுத்து வாருங்கள். பாடசாலை எமக்கு எழுதக் கற்றுத் தந்தது. எழுதப்படாதவர்களுக்காக அதைப் பயன்படுத்துவதே எமது கல்லூரி அன்னைக்கு நாம் செலுத்தக்கூடிய நூற்றாண்டுக் காணிக்கை.

எமது சங்கம் நீடு வாழ்க.